லயன் ராக் ஏற அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

உறையூரான்:

எல்லாருக்கும் வணக்கம். ஹாங்காங் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ட்செங் குவான் ஓ பக்கம் இருக்கிறோம். பொங்கல் முடிந்த கையோடு ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு 64 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் காலையில் நடக்காமல் காபி குடிக்க மாட்டார், மலைக்கோட்டைப் படியெல்லாம் மூச்சு வாங்காமல் ஏறுவார். அம்மாவுக்கு 59. முழங்கால் வலி உண்டு, மேலே ஏறுவதைவிட இறங்கும்போதுதான் அதிகம் படுத்துகிறது. கூட என் மனைவியும் 9 வயது மகனும்.

லயன் ராக் மலை உச்சியில் ஒருவர் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்க, கீழே கவ்லூன் நகர்ப்பகுதி முழுக்க விளக்கு எரிகிற ஒரு படத்தை அப்பா எங்கோ பார்த்துவிட்டார். "அந்த இடத்துக்குப் போகணும்டா" என்று தினமும் போனில் சொல்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாம் என்று நினைக்கிறேன். எந்த வழியில் ஏறுவது? அம்மாவால் முடியுமா? குரங்குத் தொல்லை உண்டு என்கிறார்களே, சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஞாயிறுநடை:

தாராளமாகப் போகலாம் சார். உயரம் வெறும் 495 மீட்டர்தான். வோங் டாய் சின் ஸ்டேஷனில் இறங்கி, மினிபஸ் பிடித்து சீ வான் ஷான் வரை போய்விட்டால் கொஞ்சம் ஏற்றம் குறையும். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சின்னப் பிள்ளைகளெல்லாம் ஓடி ஏறுகிறார்கள். உச்சியில் அந்தப் படம் எடுக்காமல் வந்துவிடாதீர்கள், அதற்குத்தானே போகிறோம்!

காயலான்_லோக்ஃபூ:

தம்பி உறையூரான், மேலே சொன்னவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். உயரக் கணக்கும் சரி. ஆனால் கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காயல்பட்டினம். ரத்தினக் கல் வியாபாரத்துக்காக இளம் வயதில் இங்கே வந்தவன், ட்சிம் ஷா ட்சுயில் கடை. வீடு லோக் ஃபூவில். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அந்த மலைதான் எதிரே நிற்கும். பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்கும் போகிறார்கள். அந்த மலையை நான் விருந்தாளியாகப் பார்க்கிறவன் இல்லை, அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

முதலில் அந்த விளிம்பு. சிங்கத்தின் தலை என்று சொல்கிற பாறைக்குத் தடுப்புக் கம்பி எதுவும் கிடையாது. எச்சரிக்கைப் பலகை இருக்கும், அதற்கு அப்பால் நேர் சரிவு. அந்தப் பாறை கருங்கல் வகை, கிரானைட். இந்த ஊர் வெயிலிலும் மழையிலும் அதில் ஒரு பகுதி மக்கி களிமண்ணாகப் போய்விடும். மக்காத குவார்ட்ஸ் மணிகள் மட்டும் உதிர்ந்து பாறைமேல் பரவிக் கிடக்கும். குனிந்து ஒரு கை அள்ளிப் பாருங்கள், வெள்ளையும் பழுப்புமாகச் சொரசொரவென்று இருக்கும். கையில் சொரசொரக்கிற அதே மணிதான் பாறைமேல் கிடக்கும்போது வழுக்கும். தரையில் கொட்டின கேழ்வரகின் மேல் கால் வைத்த மாதிரி செருப்பு தன்னால் முன்னே போகும். மழை பெய்தால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் காய்ந்து கிடக்கும்போதுதான் இந்த மணி அதிகம். அப்பா எவ்வளவு திடமானவராக இருந்தாலும் சரி, 9 வயதுப் பிள்ளை கூட இருக்கிற நாளில் அந்த விளிம்புக்குப் போகவே வேண்டாம்.

அதற்காக அப்பாவின் ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். சிங்கத்துக்கு முதுகு என்று ஒன்று இருக்கிறது. தலைக்கு முன்னாலேயே அந்த இடம் வந்துவிடும். அகலமாக, விளிம்பிலிருந்து தள்ளி, உட்கார நல்ல பாறைகள் உண்டு. தலையிலிருந்து தெரிகிற கவ்லூன் அங்கிருந்தும் தெரியும். படத்தில் அந்தப் பாறை வராது, அவ்வளவுதான். நான் யாரைக் கூட்டிப் போனாலும் அங்கேதான் உட்கார வைப்பேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து ஆளுக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, கீழே கையைக் காட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பிப்பேன். உங்கள் அப்பா பணிமனையில் வேலை பார்த்தவர் என்றால் அந்தக் கதைகள் அவருக்கு நிச்சயம் பிடிக்கும். அதனால் உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன், நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள்.

கடல் பக்கம் பார்த்தால் தண்ணீருக்குள் நீளமாக ஒரு நிலத் துண்டு நீட்டிக்கொண்டு போகும். அதுதான் பழைய காய் டாக் விமான ஓடுபாதை. 1998 ஜூலை வரைக்கும் ஹாங்காங்குக்கு விமானத்தில் வந்த அத்தனை பேரும் அங்கேதான் இறங்கினோம். இந்த மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் விமானம் நேராக வர முடியாது. எங்கள் லோக் ஃபூ பக்கத்துக் குன்று ஒன்றில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய கட்டம் வரைந்திருப்பார்கள். விமானி அந்தக் கட்டத்தைக் குறிவைத்து வந்து, கடைசி நேரத்தில் வலப்பக்கம் ஒடித்து, வீட்டுக் கூரைகளை உரசுகிற மாதிரி இறக்குவார். என் முதல் பயணத்தில் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக் கலிமா சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது அந்த ஓடுபாதையின் நுனியில் சொகுசுக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அந்தப் பழைய விமான நிலைய நிலத்தில்தான் 2025 மார்ச்சில் பெரிய விளையாட்டரங்கத்தைத் திறந்தார்கள்.

அப்புறம் மேற்கே ஷெக் கிப் மெய் பக்கம். 1953 கிறிஸ்துமஸ் இரவில் அங்கே இருந்த குடிசைப் பகுதி எரிந்து, ஒரே ராத்திரியில் 50,000க்கும் மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சீனாவிலிருந்து பிழைக்க வந்து, மலையடிவாரங்களில் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. அந்தத் தீ விபத்துக்குப் பிறகுதான் அரசாங்கம் மாடி மாடியாக வீடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் கட்டியவற்றில் மெய் ஹோ ஹவுஸ் என்ற ஒன்றை மட்டும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். உள்ளே அந்தக் காலத்து வீடு எப்படி இருந்தது என்று காட்டுகிற சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. சிங்கத்தின் காலடியில் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற அடுக்குமாடிகள், வோங் டாய் சின், லோக் ஃபூ, சீ வான் ஷான் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். 1970களில் இந்த மலையின் பெயரை வைத்து, இந்த வீடுகளில் இருந்த சாதாரண ஜனங்களைப் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடரே வந்தது. கஷ்டத்திலும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் உழைத்து மேலே வருவதை இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் லயன் ராக் குணம் என்று சொல்வார்கள். என் மாடியில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துத்தான் சொல்வார்.

அந்தப் பாட்டிதான் தண்ணீர்க் கதையும் சொன்னவர். 1963ல் மழை பொய்த்துப்போய், நாலு நாளைக்கு ஒரு முறை, அதுவும் நாலு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி எடுத்துக்கொண்டு தெருக்குழாயில் வரிசை கட்டி நிற்பார்களாம். கீழ் மாடிக்காரர்கள் குழாயை மூடினால்தான் மேல் மாடிக்கு ஏறும் என்பதால், மாடிப்படியில் நின்று "கீழ்வீடே, குழாயை மூடு" என்று கத்துவார்களாம். நம் ஊரில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற மலைக்கு அடியில் ஒரு சுரங்கம் போகிறது. ஷா டின் பக்கம் சுத்திகரிக்கிற தண்ணீரைக் கவ்லூனுக்குக் கொண்டுவரத்தான் முதலில் அதைத் திட்டமிட்டார்கள். குழாய்க்குத் தோண்டுகிற சுரங்கத்திலேயே வண்டியும் போகட்டும் என்று பிறகு அகலப்படுத்தி, 1967ல் திறந்தார்கள். ஹாங்காங்கின் முதல் சாலைச் சுரங்கம் அதுதான். ஃபிட்டராக இருந்தவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர் இறங்கி வந்ததும் சுரங்க வாயைப் பார்க்கணும் என்பார்!

வழிக்கு வருகிறேன். வோங் டாய் சின்னில் இறங்கி, சீ வான் ஷான் போகிற மினிபஸ் பிடியுங்கள். அங்கிருந்து ஷா டின் பாஸ் ரோடு, தார்ச் சாலை. வழியில் ஒரு குவான் யின் கோயில் வரும். சாலை நல்ல செங்குத்து. அப்பாவை இங்கே வேகமாக நடக்க விடாதீர்கள். முதல் அரை மணி நேரம் உற்சாகமாக ஏறிவிட்டு, உண்மையான படி வரும்போது கால் நடுங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். மலைக்கோட்டை 83 மீட்டர் பாறை. ஏறியதும் இறங்கிவிடலாம், வழியெல்லாம் கைப்பிடியும் நிழலும் உண்டு. இங்கே நேரமும் தூரமும் வேறு. பாஸ், அதாவது மலைக் கணவாய், போய்ச் சேர்ந்தால் ஒரு மண்டபம், கழிப்பறை, சின்னக் கடை எல்லாம் இருக்கும். அதற்கு மேலே எதுவும் கிடையாது. பிள்ளையைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

பாஸிலிருந்து மேற்கே திரும்பினால் மெக்லஹோஸ் பாதை. மொத்தம் 100 கிலோமீட்டர் போகிற நடைபாதை அது. அப்போதைய கவர்னரின் பெயரை வைத்து 1979ல் திறந்தது. நாம் நடக்கப்போவது அதன் ஐந்தாம் பகுதியில் ஒரு துண்டு மட்டும். மர நிழலில் ஏறி இறங்கிப் போகும், சுகமான நடை. இந்த மரங்களையும் அப்பாவிடம் காட்டுங்கள். ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த காலத்தில் விறகுக்காக மலையையே மொட்டையடித்துவிட்டார்கள். போருக்குப் பிறகு நட்டு வளர்த்ததுதான் இன்றைக்கு நிழலாக நிற்கிறது. 1976ல் சட்டம் கொண்டுவந்து, 1977ல் லயன் ராக்கைக் கன்ட்ரி பார்க் ஆக்கினார்கள். இவ்வளவு நெருக்கடியான ஊருக்கு நடுவே ஒரு கட்டடம்கூட எழும்பாமல் இந்த மலை பிழைத்திருப்பதற்கு அதுதான் காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். நம் ஊர்ப் பக்கம் குன்றுகளை வெட்டிக் கல்லாகவும் ஜல்லியாகவும் அனுப்புவதைப் பார்த்தவனுக்கு அப்படித்தானே இருக்கும்.

ஓரத்தில் ஒவ்வொரு 500 மீட்டருக்கும் ஒரு கம்பம் நிற்கும், எம் என்ற எழுத்தும் ஒரு எண்ணும் போட்டு. கடந்துபோகும் ஒவ்வொரு கம்பத்தின் எண்ணையும் மகனை வாசிக்கச் சொல்லுங்கள். அவனுக்கு விளையாட்டு, உங்களுக்குப் பாதுகாப்பு. யாருக்காவது கால் பிசகினால் 999 அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் போதும், எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

உச்சிக்குப் பிரிகிற படிகள்தான் கஷ்டம். ஒரு படி கணுக்கால் உயரம் இருக்கும், அடுத்தது முழங்கால் உயரம். மண் அரித்துப்போய்ச் சில இடத்தில் மரக்கட்டை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளங்கால் முழுக்க வைத்து ஏறணும். ஓரத்துச் செடியைப் பிடித்துத் தொங்கக் கூடாது, அது வேரோடு வந்துவிடும்.

உங்கள் அம்மாவுக்கு இந்தப் படி வேண்டாம். இறங்கும்போது வலி என்று நீங்களே சொல்கிறீர்கள். ஏறிவிட்டால் இறங்கித்தானே ஆகணும், நடுவில் வண்டி கிடையாது. அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அம்மாவும் மருமகளும் உங்களோடு வோங் டாய் சின்னில் இறங்கட்டும். நீங்கள் மலைக்குப் போங்கள், அவர்கள் கோயிலுக்குப் போகட்டும். அங்கே மூங்கில் குவளையைக் குலுக்கிக் குச்சி விழ வைத்துக் குறி பார்ப்பார்கள், கூட்டம் அலைமோதும். அடுத்த ஸ்டேஷன் டயமண்ட் ஹில்லில் நான்லியன் என்ற தோட்டமும், ஆணி இல்லாமல் மரத்தாலேயே கட்டின ச்சி லின் என்ற புத்த மடமும் இருக்கிறது. தோட்டத்துக்குள்ளேயே சைவச் சாப்பாடும் கிடைக்கும், சமதளம், நல்ல பெஞ்சுகள். நீங்கள் இறங்கியதும் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன்னால் வானிலை ஆப்பைப் பாருங்கள். ஜனவரியில் இடி மழை பயம் இல்லை. தீ அபாய எச்சரிக்கை சிவப்பு என்று போட்டிருந்தால் அடுப்பு, சிகரெட், சூடம், ஊதுபத்தி எதுவும் மலையில் பற்றவைக்கக் கூடாது. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விளக்கு எரிகிற கவ்லூனைப் பார்க்க உச்சியில் காத்திருந்தால், அந்தப் படிகளை இருட்டில் இறங்கணும். அதை என் பிள்ளைகளுக்கே நான் அனுமதித்ததில்லை.

டாய்வாய்_ரேவதி:

காயலான் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், குரங்கு மட்டும் பாக்கி. நான் மலையின் அந்தப் பக்கம், டாய் வாயில் இருக்கிறேன். ஷா டின் பாஸ் வழியில் குரங்கு குறைவுதான். மேற்கே பீக்கன் ஹில், காம் ஷான் பக்கம் போகப் போகத்தான் கூட்டம் கூட்டமாக இருக்கும். கவ்லூன் நீர்த்தேக்கம் 1910ல் கட்டி முடிந்த காலத்தில், நம் ஊர் எட்டி இனத்தைச் சேர்ந்த ஒரு விஷக்கொடி அந்தக் காட்டில் இருந்ததாம். அதன் காய் மனிதனுக்கு ஆகாது, குரங்கு தின்னும். காய் தண்ணீரில் விழாமல் இருக்கத்தான் குரங்கைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று இங்கே சொல்வார்கள்.

தம்பி, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்க, ஆனால் பிளாஸ்டிக் பையில் கையில் தூக்கிக்கொண்டு போகாதீங்க. பையின் சலசலப்பு கேட்டாலே குரங்குக்குச் சாப்பாடு என்று தெரியும். டப்பாவில் வைத்து முதுகுப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். எலுமிச்சை சாதம், சப்பாத்தி மாதிரி கையில் ஒட்டாதது நல்லது. எதிரே வந்தால் கண்ணுக்குக் கண் முறைக்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், ஓடாமல், மெதுவாக ஒதுங்கிப் போய்விடணும். பையனிடம் இதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் அப்பாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்க. நம் ஊரில் குரங்கைப் பார்த்தால் வாழைப்பழம் கொடுப்பது புண்ணியம் என்று பழகியவர்கள். இங்கே அது குற்றம். 2024 ஆகஸ்ட் முதல் பிடித்த இடத்திலேயே 5,000 ஹாங்காங் டாலர் அபராதம். கோர்ட்டுக்குப் போனால் 1,00,000 வரைக்கும் போகலாம், சிறையும் உண்டு. என் மாமியார் கேட்கவே இல்லை, பையிலிருந்து நிலக்கடலையை நான்தான் எடுத்து வைத்தேன்.

குப்பைத் தொட்டியும் தேடாதீங்க. 2017 முடிவதற்குள் மலைப்பாதையிலிருந்து எல்லாத் தொட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கொண்டுபோனதை எல்லாம் நாம்தான் கீழே கொண்டுவரணும், ஆரஞ்சுத் தோல் உட்பட.

உறையூரான்:

காயலான் காக்கா, ரேவதி அக்கா, இருவருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. நேற்று இரவு அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். விளிம்புக்குப் போக மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார். சுரங்கம் பற்றிச் சொன்னதும் "பாறையைக் குடைஞ்சானா, மேலே இருந்து வெட்டி மூடினானா?" என்று கேட்டார்! அம்மாவுக்குக் கோயில் திட்டம் பிடித்துவிட்டது.

இரண்டு கேள்வி. ஏறின வழியிலேயே இறங்கவா, இல்லை ஷா டின் பக்கம் இறங்கவா? அந்தப் பக்கம் குழந்தையைச் சுமந்த பெண் சிலை மாதிரி ஒரு பாறை இருக்கிறதாமே, மகன் பள்ளியில் கேட்டு வந்து அதைப் பார்க்கணும் என்கிறான். இன்னொன்று, அம்மாவுக்கும் ஒரு மலையாவது காட்டணும் என்று ஆசை. முழங்காலுக்கு ஒத்துவருகிற இடம் ஏதாவது உண்டா?

டாய்வாய்_ரேவதி:

அமா ராக் என்ற பாறையைத்தான் சொல்கிறான். மீன் பிடிக்கப் போன கணவன் திரும்பி வருவான் என்று, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தினமும் மலையேறிக் காத்திருந்த பெண் கல்லாகிப்போனாள் என்பது கதை. சுமார் 15 மீட்டர் உயரம் இருக்கும். கீழே ஷா டின்னிலிருந்து பார்த்தால் அச்சு அசலாக முதுகில் பிள்ளையோடு ஒரு பெண். பக்கத்தில் போய் நின்றால் வெறும் பாறை அடுக்கு, பையன் ஏமாந்துவிடுவான். அவனுக்குக் கீழே இருந்தே காட்டுங்க, அதுதான் அழகு.

உங்கள் அம்மாவுக்கு மலை என்றால் ஹாங்காங் தீவில் பீக். டிராமிலோ பஸ்ஸிலோ மேலே போய், லுகார்ட் ரோடு, ஹார்லெக் ரோடு வழியாக மலையைச் சுற்றி ஒரு வட்டம். 3.5 கிலோமீட்டர்தான், ஏறக்குறைய சமமாகவே போகும், படி இல்லை. நடுநடுவே உட்காரலாம். முழங்கால் வலிக்கிற என் மாமியாரே முழுக்க நடந்தார். காலையில் போங்க, சாயங்காலம் கூட்டத்தில் நடக்கவே முடியாது.

பழையகவ்லூன்:

அப்பாவுக்குச் சொல்ல இன்னொரு தகவல். இந்த மலைத்தொடர் வழியாகத்தான் போருக்கு முன்னால் பிரிட்டிஷார் ஜின் டிரிங்கர்ஸ் லைன் என்ற அரண்வரிசையைக் கட்டினார்கள். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் எல்லை தாண்டினார்கள். அந்த வரிசையைக் காத்தவர்களில் நம் நாட்டுப் பஞ்சாப், ராஜ்புத் படைகளும் இருந்தன. 13ஆம் தேதி காலையில் கவ்லூன் கரையை விட்டுக் கடைசியாக விலகியதும் ராஜ்புத் படைதான். மலைப்பக்கம் பழைய கான்கிரீட் பதுங்குகுழிகள் கண்ணில் பட்டால் உள்ளே இறங்காதீர்கள், வெளியிலிருந்து பாருங்கள். மெக்லஹோஸ் பாதையின் 100 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நடக்கிற போட்டியை 1981ல் ஆரம்பித்ததும் கூர்க்கா படையினர்தான், அவர்களுடைய பயிற்சிக்காக.

ஞாயிறுநடை:

காயலான் காக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நான் தனியாகப் போகிறவன், குடும்பத்தோடு போகிறவருக்கு எழுதுகிறோம் என்பதை யோசித்திருக்கணும். உறையூரான் சார், உங்களுக்குச் சரிப்பட்டால் அன்றைக்கு நானும் வருகிறேன். பையனுக்கு முன்னால் ஒருவர், அப்பாவுக்குப் பின்னால் ஒருவர் என்று இருந்தால் படியில் நல்லது.

காயலான்_லோக்ஃபூ:

ஞாயிறுநடை தம்பி, அது நல்ல யோசனை. அல்லாஹ் உங்களுக்கு நல்ல ஆரோக்கியத்தைத் தரட்டும்.

உறையூரான் தம்பி, அப்பாவிடம் சொல்லுங்கள், பாறையைக் குடைந்துதான் போட்டார்கள். 1978ல் பக்கத்திலேயே இரண்டாவது சுரங்கமும் திறந்தார்கள். ஷா டின்னுக்கு பஸ்ஸில் போனால் அதற்குள்ளேயே போகலாம், ஏறின மலைக்கு அடியில் போகிறோம் என்று பிள்ளைக்கும் காட்டலாம்.

இறங்குவதற்கு, முதல் தடவை என்பதால் ஏறின வழியே திரும்புங்கள். ஷா டின் பக்கம் இறக்கம் நீளம், படியும் அதிகம். களைத்துப்போன நேரத்தில் புது வழி வேண்டாம். பாஸ் வந்ததும் அந்தக் கடையில் சூடாக நூடுல்ஸ் வாங்கிக் கொடுங்கள், பையன் மிச்சத் தூரத்தை ஓடியே இறங்கிவிடுவான். ஓடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தார்ச் சாலையில் வண்டியும் வரும்.

சாமான்: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ, மெல்லிய ஸ்வெட்டர். உச்சியில் வடகாற்று அடித்தால் வியர்வை காய்ந்து சில்லென்று இருக்கும், ஊரிலிருந்து வருகிறவர்களுக்குச் சட்டென்று ஜலதோஷம் பிடித்துவிடும். அப்பாவுக்கு ஒரு கைத்தடி, இறங்கும்போது உதவும். அவர் வேண்டாம் என்பார், நீங்கள் எடுத்துப்போங்கள்.

எட்டரைக்குள் வோங் டாய் சின்னில் இருங்கள். மலைக்குக் கிளம்பும் முன்னால் அப்பாவை ஒரு நாள் சாயங்காலம் சோய் ஹங், சான் போ காங் பக்கம் கூட்டிப் போய் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து பார்த்தால்தான் சிங்கம் படுத்திருப்பது தலை வேறு உடம்பு வேறாகத் தெளிவாகத் தெரியும். எங்கே ஏறப்போகிறோம், எதற்கு முன்னால் நின்றுவிடப்போகிறோம் என்பது அவருக்கே புரிந்துவிடும்.

தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் கடைக்கும்தான் நான் கட்டுப்பட்டவன், ஞாயிறு வீட்டில்தான். உச்சிவரை வர எனக்கு இப்போது இடுப்பு ஒத்துழைக்காது, பாஸ் வரைக்கும் வருவேன். ஃபிளாஸ்க் நான் கொண்டுவருகிறேன்.